திருட்டுக் குற்றச்சாட்டும் எதிர்வாதமும்: இந்தியக் குற்றவியல் சட்டம் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

திருட்டு வழக்கில் எல்லாரும் கேட்கும் கேள்வி, எடுத்தது யார் என்பதுதான். காவல் நிலையமும் அதைக் கேட்கிறது, ஊரும் அதைக் கேட்கிறது. சட்டம் இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்தே கேட்கிறது. பொருள் அப்போது யார் கைவசம் இருந்தது? எடுத்தவர் என்ன எண்ணத்தோடு எடுத்தார்? அவர்தான் எடுத்தார் என்பதற்கான சான்று எந்த வழியில் வந்தது? குற்றம் சாட்டப்பட்டவரின், நீதிமன்ற மொழியில் எதிரியின், எதிர்வாதம் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் நிற்கும் அல்லது விழும். இக்கட்டுரையின் வாதமும் இதுவே: கீழமை நீதிமன்றங்களில் முதல் கேள்விக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட மற்ற மூன்றுக்கும் கிடைப்பதில்லை. அந்தக் கவனக்குறைவின் சுமை ஏழை எதிரியின் தலையில்தான் இறங்குகிறது.

மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837-இல் வரைந்து, 1860-இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவும், சாட்சியச் சட்டத்தின் இடத்துக்கு பாரதிய சாக்‌ஷிய அதிநியமும் வந்துள்ளன. சம்பவம் நடந்த நாள்தான் எந்தத் தண்டனைச் சட்டம் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கும். 2024 ஜூன் மாதத் திருட்டுக்குப் பழைய 379-ஆவது பிரிவு. ஜூலை மாதத் திருட்டுக்குப் புதிய 303. இலக்கணம் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது என்பதால் பழைய தீர்ப்புகள் உயிரோடுதான் இருக்கின்றன.

2. திருட்டின் உறுப்புகள்

303-ஆவது பிரிவைப் பிரித்துப் பார்த்தால் ஐந்து உறுப்புகள் கிடைக்கும். பொருள் அசையும் சொத்தாக இருக்க வேண்டும். அது ஒருவர் கைவசம் இருக்க வேண்டும். அவருடைய இசைவு இல்லாமல் எடுக்கப்பட வேண்டும். எடுப்பதற்காக அது நகர்த்தப்பட வேண்டும். எடுக்கும் எண்ணம் நேர்மையற்றதாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் திருட்டு இல்லை. வேறு குற்றம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

2.1 அசையும் சொத்து

நிலத்தைத் திருட முடியாது. நிலத்தோடு ஒட்டியிருக்கும் மரத்தையும் ஒட்டியிருக்கும்வரை திருட முடியாது. வெட்டிய நொடியில் அது அசையும் பொருளாகிறது, வெட்டும் செயலே நகர்த்தலாகவும் ஆகிறது. ஆற்று மணலுக்கும் இதே விதி. கனிமச் சட்டத்தின்கீழ் தனி நடவடிக்கை இருக்கும்போது திருட்டு வழக்கும் போடலாமா என்ற கேள்விக்கு, போடலாம் என்று 2014-இல் டில்லி அரசு எதிர் சஞ்சய் வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. அரசுக்குச் சொந்தமான மணலை அனுமதியின்றி அள்ளுவது கனிமச் சட்ட மீறல் மட்டும் அன்று, தனியே ஒரு திருட்டும் ஆகும் என்பது அதன் சாரம். தமிழ்நாட்டில் காவிரி, பாலாறு, தென்பெண்ணைக் கரைகளில் பதிவாகும் மணல் வழக்குகளில் இந்தத் தீர்ப்புக்கு நேரடிப் பயன் உண்டு. அவ்வகை வழக்கில் லாரி ஓட்டுநர் ஒருவரே எதிரியாக நிற்பதுண்டு. அவரிடம் நடைச்சீட்டு இருந்ததா, அது போலி என்று அவருக்குத் தெரியுமா, மணலை ஏற்றச் சொன்னது யார் என்பவை அவருடைய எண்ணத்தைத் தீர்மானிக்கும் கேள்விகள். ஓட்டுநர் இருக்கையில் இருந்தார் என்பது மட்டும் போதாது.

மின்சாரம் இந்த இலக்கணத்துக்குள் வராது என்று அவதார் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின் திருட்டு இன்று 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்கீழ் தனிக் குற்றம். பழைய சட்டம் அசையும் சொத்தைப் பருப்பொருளாக மட்டுமே கண்டது. புதிய சன்ஹிதா அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, எல்லா வகைச் சொத்தும் என்கிறது. கணினித் தரவை எடுத்தால் அது திருட்டாகுமா என்ற வாதத்துக்கு இதனால் கதவு திறந்திருக்கிறது.

2.2 கைவசம்

திருட்டுச் சட்டம் காப்பது உரிமைப் பத்திரத்தை அன்று, கைவசத்தை. அதனால்தான் சொந்தப் பொருளையே ஒருவர் திருட முடியும். சட்டத்தில் இருக்கும் கைக்கடிகார விளக்கங்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. பழுது பார்த்த கூலி பாக்கி இருக்க, கடைக்காரர் ஈடாக வைத்திருக்கும் தன் கடிகாரத்தை உரிமையாளர் எடுத்துக்கொண்டு போனால் அது திருட்டு. பாக்கி எதுவும் இல்லாதபோது கடைக்குள் நுழைந்து வலுக்கட்டாயமாகப் பிடுங்கிச் சென்றால் அத்துமீறலும் தாக்குதலும் ஆகலாம், திருட்டு ஆகாது. அடகு வைத்த நகையை வட்டியும் முதலும் கட்டாமல் எடுத்துச் செல்பவரும் முதல் வகையில் சேர்வார்.

யார் கைவசமும் இல்லாத பொருள் வேறு கதை. நடுத்தெருவில் கிடக்கும் மோதிரத்தை எடுத்தவர் திருடர் அல்லர். உரிமையாளரைத் தேட நியாயமான முயற்சி எடுக்காமல் அதை விற்றுத் தின்றால் 314-ஆவது பிரிவின்கீழ் கையாடல் ஆகும். பேருந்து இருக்கையில் விட்டுப்போன கைப்பையை எடுத்தவர்மீது திருட்டு வழக்குப் பதிவாகும்போது, பை அந்த நேரத்தில் யார் கைவசம் இருந்தது என்ற கேள்வியை வழக்கறிஞர் எழுப்பத் தவறக் கூடாது. விடை ஒவ்வொரு வழக்கிலும் ஒன்றாகவே இருக்காது. கேள்வி மட்டும் எப்போதும் பொருத்தமானது.

இசைவு பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அது வெளிப்படையாகவும் இருக்கலாம், குறிப்பாகவும் இருக்கலாம். நண்பர் வீட்டு அலமாரியிலிருந்து படித்துவிட்டுத் தர ஒரு புத்தகத்தை எடுத்துப் போனவர், அவர் தடுக்கமாட்டார் என்று நம்பியிருந்தால் குற்றவாளி இல்லை என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது.

3. நேர்மையற்ற எண்ணம்

இதுதான் திருட்டுச் சட்டத்தின் முதுகெலும்பு. ஒருவருக்கு முறையற்ற ஆதாயம் அல்லது இன்னொருவருக்கு முறையற்ற இழப்பு உண்டாக்கும் எண்ணமே நேர்மையற்ற எண்ணம். இரண்டில் ஒன்று போதும். எடுத்தவருக்கு ஒரு காசு லாபம் இல்லாவிட்டாலும், பறிகொடுத்தவருக்கு நட்டம் விளைவிக்கும் எண்ணம் இருந்தால் குற்றம் முழுமையாகிவிடும்.

3.1 தற்காலிக எடுப்பு

"திருப்பித் தந்துவிட்டேனே" என்பது சாதாரண மக்கள் முதலில் சொல்லும் எதிர்வாதம். இந்தியச் சட்டத்தில் அது பலமற்றது. கே.என். மெஹ்ரா எதிர் ராஜஸ்தான் மாநிலம் வழக்கு இதற்கு முதல் சான்று. 1952 மே மாதம் ஜோத்பூர் விமானப்படைப் பயிற்சிக் கழகத்தின் பயிற்சி மாணவர் இருவர் அனுமதியின்றி ஒரு ஹார்வர்ட் விமானத்தைக் கிளப்பிச் சென்று பாகிஸ்தான் மண்ணில் இறங்கினார்கள். விமானத்தை வைத்துக்கொள்ளும் நோக்கம் இல்லை என்ற வாதம் எடுபடவில்லை. நிரந்தரமாகப் பறிப்பது தேவையில்லை, கொஞ்ச நேரம் பயன்படுத்தி உரிமையாளருக்கு அந்தப் பயனை இல்லாமற் செய்வதே போதும் என்று 1957-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பியாரேலால் பார்கவா வழக்கில் அல்வாரில் ஓர் அரசு அலுவலகக் கண்காணிப்பாளர் கோப்பு ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போய், நண்பர் அதிலிருந்த தாள்களை மாற்ற இடம் கொடுத்து, மறுநாள் அலுவலகத்தில் திருப்பி வைத்தார். அதுவும் திருட்டே என்று தீர்ந்தது.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் அரசுத் தரப்பு அளவுக்கு மீறி இழுப்பதுண்டு. இரண்டிலும் தண்டனைக்குக் காரணமானது எடுத்த நேரத்தின் நீளம் அன்று, எடுத்ததன் நோக்கம். பிர்லா கார்ப்பரேஷன் எதிர் அட்வென்ட்ஸ் வழக்கில் 2019-இல் இது நன்றாகத் துலங்கியது. ஆவணங்களைச் சிறிது நேரம் எடுத்து நகல் எடுப்பதும் கோட்பாட்டளவில் திருட்டாகலாம் என்றாலும், நீதிமன்றத்தில் தன் உரிமையை நிலைநாட்ட நேர்மையாகப் பயன்படுத்தும்போது அதில் நேர்மையற்ற எண்ணம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் கண்டது. முறைகேட்டை வெளிக்கொண்டுவர ஆவண நகலோடு வெளியே வந்து, நிறுவனத்தின் திருட்டுப் புகாரைச் சந்திக்கும் ஊழியர்களுக்கு இந்தத் தீர்ப்பு ஒரு கவசம்.

3.2 நேர்மையான உரிமைக் கோரிக்கை

பொருள் தன்னுடையது என்று உண்மையாகவே நம்பி எடுப்பவர் திருடர் அல்லர். சண்டி குமார் தாஸ் கர்மார்க்கர் எதிர் அபனிதர் ராய் வழக்கு குளத்து மீனைப் பற்றியது. உரிமை இருப்பதாகத் தவறாக நம்பி எடுப்பவரால் மற்றவருக்கு இழப்பு உண்டாகலாம். ஆனாலும் நேர்மையற்ற எண்ணம் இல்லாததால் திருட்டு இல்லை என்பதே அதில் நிலைபெற்ற கருத்து. நம் ஊர்களில் பாகம் பிரியாத தோப்பில் தேங்காய் பறித்ததற்கும், வரப்புத் தகராறு உள்ள வயலில் நெல் அறுத்ததற்கும், ஏரி குத்தகைச் சண்டையில் மீன் பிடித்ததற்கும் போடப்படும் திருட்டு வழக்குகளுக்கு இதுவே முதன்மை எதிர்வாதம்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. நம்பிக்கை சட்டப்படி சரியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வெறும் பாவனையாக இருக்கக் கூடாது. சம்பவத்துக்கு முன்பே இருக்கும் பட்டா, வரி ரசீது, வழக்கறிஞர் அறிவிப்பு, உரிமையியல் வழக்கின் மனு ஆகியவை நம்பிக்கையின் நேர்மையைக் காட்டும். கைதான பிறகு முளைக்கும் உரிமைக் கதையை நீதிமன்றம் ஏற்காது. அடுத்தது கடன் பற்றியது. பணம் தர வேண்டியவனின் மாட்டை ஓட்டிக்கொண்டு போய், "பணத்தைக் கொடு, மாட்டைத் தருகிறேன்" என்பவர் உரிமைக் கோரிக்கையின் நிழலில் ஒதுங்க முடியாது. கடனை வசூலிக்கக் கடனாளியின் பொருளை எடுப்பது திருட்டே என்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1895-லேயே சொல்லிவிட்டது.

தவணை வண்டிகளின் நிலை இதிலிருந்து வேறுபடுகிறது. வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் முழுத் தவணையும் கட்டும்வரை வண்டி நிதி நிறுவனத்துக்கே சொந்தம். தவணை தவறியபோது எடுத்துக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், எடுப்பது திருட்டு இல்லை என்று திரிலோக் சிங் வழக்கு தொடங்கி 2001-இன் சரஞ்சித் சிங் சத்தா வழக்குவரை உச்ச நீதிமன்றம் தொடர்ந்து சொல்லிவருகிறது. இந்தப் போக்கில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. தவணை தவறியவரின் ஆட்டோவை நடுச்சாலையில் மறித்துச் சாவியைப் பிடுங்கும் ஆட்களின் செயல் ஒப்பந்தத் தாளால் மட்டும் நேர்மையானதாகிவிடாது. வசூலுக்குக் குண்டர்களை ஏவக் கூடாது என்று 2007-இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி எதிர் பிரகாஷ் கவுர் வழக்கில் அதே நீதிமன்றம் கண்டித்தது. திருட்டுப் பிரிவு பொருந்தாவிட்டாலும், வழிமறித்தல், தாக்குதல், மிரட்டல் ஆகிய பிரிவுகள் வண்டியை இழந்தவருக்குத் திறந்தே இருக்கின்றன.

4. சொத்துக் குற்றங்களின் குடும்பம்

திருட்டுக்கு 303(2)-இன்படி மூன்றாண்டுவரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டுக் கடுங்காவல். புதிய சன்ஹிதாவின் பெரிய மாற்றம் சிறு திருட்டில் இருக்கிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ் இருந்து, முதல் முறைக் குற்றவாளி பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால், தண்டனை சமுதாயப் பணி. இந்த வகை பிணையில் விடத்தக்கது. நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல் துறை புலன்விசாரணை செய்யவும் முடியாது. ஆகவே பொருளின் மதிப்பே ஓர் எதிர்வாதக் களமாகிறது. 4,000 ரூபாய்க்குப் போகும் பழைய கைபேசிக்கு வாங்கிய நாளின் விலையைப் புகாரில் எழுதிவிட்டால், எதிரியின் பிணை நிலையே மாறிவிடும். சம்பவ நாளின் மதிப்பு என்ன என்று கேட்பது முதல் நாளிலேயே செய்ய வேண்டிய வேலை. இதே ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வாரக் கூலியைப் பறிகொடுத்த தொழிலாளிக்கு 3,000 ரூபாய் சிறு தொகை அன்று. அவர் புகாரை விசாரிக்கவே நடுவரிடம் போக வேண்டியிருப்பது நீதியாகப் படவில்லை.

வீட்டிலோ பொருள் காக்கும் கட்டடத்திலோ திருடினாலும், வாகனத்தையோ வாகனத்தில் இருப்பதையோ எடுத்தாலும், வழிபாட்டிடத்துச் சிலையை எடுத்தாலும், அரசின் உடைமையை எடுத்தாலும் 305-இன்படி ஏழாண்டுவரை போகும். வேலைக்காரர் முதலாளியின் பொருளை எடுத்தால் 306, அதற்கும் ஏழாண்டு. இரவில் பூட்டை உடைத்து வீடு புகுந்து திருடினால் 331(4)-இன்படி பதினான்காண்டுவரை. செயின் பறிப்புக்கு முன்பு தனிப் பிரிவு இல்லை. இப்போது 304 இருக்கிறது, மூன்றாண்டுவரை சிறையும் அபராதமும்.

பறிப்புக்கும் கொள்ளைக்கும் இடையிலான கோடுதான் நீதிமன்றத்தில் அதிகம் இழுபடுவது. 309-இன்படி திருட்டு கொள்ளையாக மாற வேண்டுமானால், திருடுவதற்காகவோ திருடியதைக் கொண்டு செல்வதற்காகவோ எதிரி வேண்டுமென்றே காயமோ தடையோ உடனடி அச்சமோ உண்டாக்கியிருக்க வேண்டும். எடுத்ததைப் போட்டுவிட்டுத் தப்பி ஓடும்போது துரத்துபவர்மீது கல் எறிந்தால் அது திருட்டும் தாக்குதலும்தான், கொள்ளை இல்லை. சாதாரணத் திருட்டின் உச்ச தண்டனை மூன்றாண்டு, சாதாரணக் கொள்ளையின் உச்ச தண்டனை பத்தாண்டு. இந்த வேறுபாட்டை வாதிடாமல் விட்டால் ஒருவருடைய வாழ்வில் ஏழாண்டு போய்விடும். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 310-இன் கூட்டுக்கொள்ளை, ஆயுள்வரை. பெயர் சொல்லிக் குற்றம் சாட்டப்பட்ட ஐவரில் இருவர் விடுதலையாகி, அடையாளம் தெரியாத வேறு எவரும் இருந்ததாகச் சான்று இல்லையென்றால், எஞ்சிய மூவரைக் கூட்டுக்கொள்ளைக்குத் தண்டிக்க முடியாது.

பொருளை உரிமையாளரே நம்பிக் கொடுத்திருந்தால் நாம் வேறு கிளைக்குப் போகிறோம். நம்பிக்கை மோசடி 316, ஏமாற்றுதல் 318. மனைவியின் சீதன நகையைத் திருப்பித் தர மறுக்கும் கணவர்மீது நம்பிக்கை மோசடி வழக்கு நிற்கும் என்பது 1985-இன் பிரதிபா ராணி வழக்கு முதல் உறுதியானது. ஏமாற்றுதலில் தொடக்கத்திலேயே வஞ்சக எண்ணம் வேண்டும். நம்பிக்கை மோசடியில் முதலில் நம்பிக்கை இருந்து பிறகு கெடுகிறது. ஒரே பரிமாற்றத்தில் இரண்டும் ஒருசேர இருக்க முடியாது என்றும், காவல் துறையும் நீதிமன்றங்களும் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகின்றன என்றும் 2024-இல் டில்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் வருத்தத்தோடு குறிப்பிட்டது. கொடுக்கல் வாங்கல் தகராறுகளுக்கு இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் போடும் பழக்கத்தை எதிர்க்க இந்தத் தீர்ப்பு போதும்.

5. மெய்ப்பித்தல்: ஒப்புதல், மீட்பு, அடையாளம்

நேரில் பார்த்த சாட்சி திருட்டு வழக்குகளில் அரிது. ஆகவே வழக்கு ஏறத்தாழ எப்போதும் ஒரே வடிவில் வருகிறது. சந்தேகத்தில் ஒருவர் பிடிபடுகிறார், ஒப்புதல் வாக்குமூலம் தருகிறார், அவர் காட்டிய இடத்தில் பொருள் மீட்கப்படுகிறது, மகஜரில் வி.ஏ.ஓ.வும் உதவியாளரும் கையெழுத்திடுகிறார்கள். புகார்தாரர் பொருளைத் தன்னுடையது என்கிறார்.

5.1 காவலர் முன் ஒப்புதல்

காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைச் சான்றாக்க முடியாது. பழைய 25, 26, 27-ஆவது பிரிவுகள் இப்போது சாக்‌ஷிய அதிநியத்தின் 23-ஆவது பிரிவில் ஒன்றாக உள்ளன. தடைக்கு ஒரே விலக்கு: காவலில் இருப்பவர் தந்த தகவலால் ஓர் உண்மை கண்டறியப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடித் தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படும். அந்தப் பகுதியின் அளவை வரையறுத்தது பிரிவி கவுன்சில் தீர்த்த புலுக்கூரி கோட்டய்யா வழக்கு. சென்னை மாகாணத்திலிருந்து லண்டனுக்குப் போன மேல்முறையீடு அது. கண்டறியப்பட்ட உண்மை என்பது பொருள் மட்டும் இல்லை. அது இருந்த இடமும், அந்த இடம் எதிரிக்குத் தெரியும் என்பதும் சேர்ந்ததே. அதற்குமேல் ஒரு சொல்லும் உள்ளே வராது. "இன்னார் வீட்டு பீரோவை உடைத்து எடுத்த சங்கிலியை என் வீட்டுப் பரணில் வைத்திருக்கிறேன்" என்ற வாக்குமூலத்தில், பரணில் சங்கிலி இருக்கிறது என்பது வரை ஏற்கலாம். பீரோவை உடைத்த கதையை நீதிபதி படிக்கவே கூடாது. நடைமுறையில் முழு வாக்குமூலமும் கோப்பில் இருக்கிறது, முழுவதும் படிக்கப்படுகிறது. ஏற்கத்தக்க பகுதியை மட்டும் அடையாளமிட்டுக் குறியீடு செய்ய வேண்டும் என்று வழக்கறிஞர் விடாமல் வலியுறுத்த வேண்டும்.

அந்த வாக்குமூலம் எப்படிப் பதிவானது என்பதும் கேள்விக்குரியது. இரண்டு சுதந்திரமான சாட்சிகளை முன்கூட்டியே வரவழைத்து, அவர்கள் முன்னிலையில் எதிரி தானாகச் சொன்னதாகப் பதிவு இருக்க வேண்டும் என்று 2022-இல் ராமானந்த் எதிர் உத்தரப் பிரதேச மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரித்துரைத்தது. சுரக்‌ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவு சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யக் கட்டளையிடுகிறது. பதிவு எங்கே என்பது இனி ஒவ்வொரு திருட்டு வழக்கிலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இந்தத் தடைகள் ஏன் இருக்கின்றன என்பதைத் தமிழ்நாடு நன்றாக அறியும். 1993-இல் கடலூர் மாவட்டம் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நகைத் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட ஓர் ஏழைத் தொழிலாளி காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். நீதி கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி ஒருவர், காரிலிருந்து நகை காணாமற்போன புகாரில் விசாரிக்கப்பட்டபோது காவலில் இறந்தார். இரண்டிலும் குற்றச்சாட்டு நகைத் திருட்டு. அடியால் வரும் ஒப்புதல் உண்மையைத் தராது, உயிரைத்தான் எடுக்கும். 23-ஆவது பிரிவைக் குற்றவாளி தப்பிக்கும் ஓட்டை என்று பேசுபவர்கள் இந்த இரண்டு ஊர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

5.2 அண்மைக்காலக் கைவசம்

திருட்டுப் போன சிறிது காலத்தில் பொருள் ஒருவரிடம் இருந்து, அவர் விளக்கம் தராவிட்டால், அவர் திருடினார் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் 114, சாக்‌ஷிய அதிநியத்தில் 119. இங்கே "ஊகிக்கலாம்" என்பது முக்கியம். ஊகித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எவ்வளவு காலம் அண்மை என்பதும் பொருளைப் பொறுத்தது. கைமாறக்கூடிய பணமும் கைபேசியும் சில நாள்களில் அண்மையை இழக்கும். ஏரபத்ரப்பா எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் தலைமறைவாயிருந்த வேலைக்காரரிடம் ஓராண்டு கழித்து மீட்கப்பட்ட நகைகளுக்கும் ஊகம் பொருந்தியது. எதிரி தரும் விளக்கம் நம்பத்தக்கதாக இருந்தாலே போதும். ஐயத்துக்கு இடமின்றி அவர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

மீட்ட இடம் எல்லாரும் வந்துபோகும் இடமாக இருந்தால் கைவசமே இல்லை. திறந்த வயலில் புதைத்திருந்த பொருளை எதிரி காட்டினார் என்பதால் அவரைத் திருட்டுப் பொருள் வாங்கியவராகத் தண்டிக்க முடியாது என்று திரிம்பக் எதிர் மத்தியப் பிரதேச மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முள்வேலி ஓரம், பாலத்தடி, பொதுக் கிணற்று மேடு என்று மகஜரில் எழுதியிருந்தால் இந்தத் தீர்ப்பை எடுத்துவைக்கலாம்.

திருட்டுப் பொருள் வாங்குவதைத் தண்டிக்கும் நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவு அடகுக் கடைக்காரர்களுக்கு நிரந்தர அச்சம். சட்டம் கேட்பது அவருக்குத் தெரிந்திருந்ததா, நம்பக் காரணம் இருந்ததா என்பதை மட்டுமே. தமிழ்நாடு அடகுக் கடைக்காரர்கள் சட்டப்படி உரிமம், பதிவேடு, அடகுச் சீட்டு, அடகு வைத்தவரின் முகவரிச் சான்று எல்லாம் ஒழுங்காக இருந்து, நகையின் மதிப்புக்கு ஏற்ற தொகை கொடுத்திருந்தால் அவர் எதிரி அல்லர், சாட்சி. பாதி விலைக்கும் கீழே, நள்ளிரவில், சீட்டில்லாமல் வாங்கியவருக்கு அந்த வாதம் கிடையாது.

5.3 பொருளின் அடையாளமும் ஆளின் கடந்த காலமும்

மீட்ட பொருள்தான் காணாமற்போன பொருள் என்பது தனியே நிறுவப்பட வேண்டும். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் தீர்ப்பைப் புரட்டிப்போட்டதும் இதுதான்: சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்ற அடையாளம். புகாரில் "ஐந்து பவுன் சங்கிலி" என்று மட்டும் இருந்து, மீட்ட பிறகு வடிவமும் முத்திரையும் எடையும் திடீரென்று நினைவுக்கு வந்தால் குறுக்கு விசாரணைக்கு அங்கே வேலை இருக்கிறது. எதிர்த்தரப்பு தயாராக இருக்க வேண்டிய பதிலும் உண்டு. அன்றாடம் அணியும் நகைகளை வீட்டுப் பெண்கள் எளிதில் அடையாளம் காண்பார்கள் என்பது பொது அறிவு என்று ஏரபத்ரப்பா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. உருக்கிக் கட்டியாக்கிய தங்கத்துக்கு அந்தப் பொது அறிவு பொருந்தாது.

எதிரிமீது முன்பு பல வழக்குகள் இருந்தன என்பது இந்தத் திருட்டை அவர் செய்தார் என்பதற்குச் சான்றாகாது. அவரே தன் நன்னடத்தையைச் சான்றாக்கினால் ஒழிய, கெட்ட நடத்தை பொருத்தமற்றது என்று பழைய 54-உம் புதிய 49-உம் சொல்கின்றன. இந்த விதியின் அருமை தெரிய வரலாறு வேண்டும். 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பாலேயே திருடர் என்று பதியப்பட்ட சமூகங்கள் கைரேகை வைத்து வாழ்ந்தன. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. நாடு முழுவதும் அச்சட்டம் 1952 ஆகஸ்டில் ஒழிந்தது. ஊரில் திருட்டுப் போனால் முதலில் குறவர், இருளர் குடிசைகளுக்குப் போகும் பழக்கம் அதோடு ஒழியவில்லை. ஒரு சமூகத்தின் பெயரைச் சந்தேகத்துக்குக் காரணமாகக் காட்டும் புலன்விசாரணை சட்டத்தின் பார்வையில் வெறுமையானது. நீதிமன்றத்தில் அதைத் திறந்து சொல்ல வழக்கறிஞர்கள் தயங்கக் கூடாது.

6. பொது விலக்குகள்

ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையின் செயல் குற்றமாகாது. ஏழு முதல் பன்னிரண்டு வரை முதிர்ச்சியைப் பொறுத்தது. பதினெட்டுக்குட்பட்டவர் எவரும் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின்படி சிறார் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்தப்பட வேண்டும். வயது குறித்த எதிர்வாதத்தை வழக்கின் எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம் என்பதால் பள்ளிச் சான்றிதழைத் தேடுவது வீண் போகாது. நியாய சன்ஹிதாவில் மனநலக் குறைவுக்கு 22, உடனடி மரண அச்சுறுத்தலுக்கு 32 உள்ளன. பசி முழு விடுதலைக்குரிய தனி எதிர்வாதமாக நம் சட்டத்தில் இல்லை. ஆனால் சாதாரண மனிதர் எவரும் குறை கூறாத அளவுக்குச் சிறிய தீங்கு குற்றமே இல்லை என்று 33-ஆவது பிரிவு சொல்கிறது. வேலியோரத்தில் விழுந்து கிடந்த நான்கு மாங்காய்களுக்காக ஒரு சிறுவனை நீதிமன்றப் படியேற்றுபவர்களுக்கு இந்தப் பிரிவை நினைவுபடுத்தலாம்.

7. குற்றம் உறுதியான பின்னும் உள்ள வழிகள்

சாதாரணத் திருட்டைப் பொருளின் உரிமையாளர் எதிரியோடு சமரசம் செய்து முடித்துக்கொள்ள சுரக்‌ஷா சன்ஹிதாவின் 359-ஆவது பிரிவு இடம் தருகிறது. சமரசம் விடுதலைக்குச் சமம். 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் திருட்டைப் பெயர் சொல்லியே எடுத்துக்கொள்கிறது: முன் தண்டனை இல்லாதவரை எச்சரித்து அனுப்ப 3-ஆவது பிரிவு, பிணைப்பத்திரத்தில் விட 4-ஆவது. இருபத்தொரு வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால் 6-ஆவது பிரிவின்படி நீதிபதி காரணத்தை எழுத வேண்டும். இந்தச் சட்டம் கேட்காமல் கிடைப்பது அரிது.

பழைய சட்டத்தின்கீழ் வரும் சிறு திருட்டுக்குப் புதிய சமுதாயப் பணித் தண்டனையைக் கேட்கலாமா? தண்டனையைக் கடுமையாக்கும் சட்டத்தைப் பின்னோக்கிச் செலுத்தவே அரசியலமைப்பின் 20(1) தடை விதிக்கிறது. இலகுவாக்கும் ஏற்பாட்டின் பயனை மேல்முறையீட்டிலும் தரலாம் என்று ரத்தன் லால் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில், இதே நன்னடத்தைச் சட்டத்தை முன்வைத்தே, உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை கண்டது. அந்தத் தர்க்கம் 5,000 ரூபாய்க்குட்பட்ட திருட்டுகளுக்கும் நீள வேண்டும் என்பது என் கருத்து.

8. முதல் நாள்

மேலே சொன்ன எதிர்வாதங்கள் எல்லாம் விசாரணை நாளில் பேசப்படுபவை. அவற்றின் விதி பெரும்பாலும் கைதான நாளிலேயே எழுதப்படுகிறது. ஏழாண்டுவரை தண்டனையுள்ள குற்றத்தில் கைது தானாக நடக்கும் செயல் இல்லை. ஏன் கைது தேவை என்பதைக் காவல் அதிகாரி எழுத வேண்டும், தேவையில்லையென்றால் ஆஜராகும்படி அறிவிப்புத் தர வேண்டும் என்பது 2014-இன் அர்னேஷ் குமார் தீர்ப்பு. கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். உடம்பில் காயம் இருந்தால் நடுவரிடம் அப்போதே சொல்ல வேண்டும். அவர் அதைப் பதிய வேண்டும்.

முதல் முறை நிறுத்தப்படும்போதே, வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டென்றும், வசதி இல்லாவிட்டால் அரசு செலவில் கிடைக்கும் என்றும் எதிரியிடம் சொல்வது நடுவரின் கடமை என 2012-இல் அஜ்மல் கசாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன் 12-ஆவது பிரிவின்படி காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உரிமை. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. தேசிய உதவி எண் 15100. உங்கள் தெருவில், உங்கள் வீட்டில் வேலை பார்ப்பவரில், உங்கள் உறவில் யாராவது திருட்டுச் சந்தேகத்தில் அழைத்துச் செல்லப்பட்டால், அன்றைக்கே அந்த எண்ணை அழையுங்கள்.